ஊரையே கதகதப்பாக்கும் வைக்கோல்: டென்மார்க் விவசாயிகளின் அனுபவம்

கதிர் அடித்து முடித்ததும் மிஞ்சுவது வைக்கோல். நம் பக்கத்தில் அது மாட்டுக்குத் தீவனம். மாடு குறைவாகவும் வயல் அதிகமாகவும் உள்ள இடங்களில் அது ஒரு சுமை. வயலிலேயே தீ வைத்துவிட்டு அடுத்த பயிருக்குப் போய்விடுவார்கள். ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள டென்மார்க் நாட்டிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் நடந்தது. இன்று அதே நாட்டில் கோதுமை, பார்லி வைக்கோலை எடை போட்டு, ஈரம் பார்த்து, பணம் கொடுத்து வாங்குகிறார்கள். வாங்குவது மாட்டுப் பண்ணை மட்டும் அல்ல. ஊர் மக்களின் வீடுகளைக் குளிர்காலத்தில் சூடேற்றும் நிலையங்களும் வாங்குகின்றன.

வீட்டைச் சூடேற்றுவது என்பது நமக்குப் புதிய செய்தி. ஊட்டி, கொடைக்கானலைத் தவிர மற்ற இடங்களில் அதற்குத் தேவையே இல்லை. டென்மார்க்கில் ஆண்டில் ஏழெட்டு மாதம் வீட்டுக்குள் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் இல்லாவிட்டால் குழந்தைகளும் முதியவர்களும் நோயில் விழுவார்கள். ஆகவே உணவுக்கு அடுத்தபடி அந்நாட்டுக் குடும்பங்களின் பெரிய கவலை வெப்பம்தான்.

எண்ணெய் கற்றுத்தந்த பாடம்

1973-ம் ஆண்டு அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தன. விலை மளமளவென ஏறியது. அப்போது டென்மார்க் தன் எரிபொருள் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு வெளிநாட்டு எண்ணெயையே நம்பி இருந்தது. வீடுகளில் எரிந்ததும் எண்ணெய், மின் நிலையங்களில் எரிந்ததும் பெரும்பாலும் எண்ணெய். அந்த ஆண்டு நவம்பரில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசு தடை போட்டது. நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிளில் போனார்கள்.

இந்த அடிக்குப் பிறகு அந்நாடு சும்மா இருக்கவில்லை. 1979-ல் வெப்ப வழங்கல் சட்டம் என்ற ஒரு சட்டம் வந்தது. நம் ஊரில் குடிநீர்த் திட்டம் போடுவது போல ஒவ்வொரு நகராட்சியும் வெப்பத் திட்டம் போட வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. எந்தத் தெருவுக்கு எந்த வகை வெப்பம், குழாய் எங்கே போகும், எரிபொருள் எங்கிருந்து வரும் என்பதை எல்லாம் வரைபடம் போட்டு முடிவு செய்தார்கள்.

இதன் பயனாக இன்று டென்மார்க் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்குப் பொதுக் குழாய் வழியாக வெந்நீர் வருகிறது. ஊருக்கு ஓரமாக ஒரு கொதிகலன் நிலையம் இருக்கும். அங்கே காய்ச்சிய நீர், வெப்பம் வெளியேறாமல் உறை போட்ட இரட்டைக் குழாயில் மண்ணுக்கு அடியில் வீடு வீடாகப் போகும். வீட்டுச் சுவரோரம் உள்ள இரும்புத் தகடுகளில் ஓடி, அறையைச் சூடாக்கி, ஆறிய நீர் மறு குழாய் வழியாக நிலையத்துக்கே திரும்பும். எவ்வளவு வெப்பம் எடுத்தோம் என்பதை மீட்டர் காட்டும்.

இந்த நிலையங்கள் லாபம் வைத்து விற்க அந்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. ஆன செலவை மட்டுமே கட்டணமாக வாங்கலாம். பல நிலையங்கள் வெப்பம் வாங்கும் குடும்பங்களே உறுப்பினராக இருக்கும் கூட்டுறவுகள். 1882-லேயே ஜட்லாந்து பகுதியில் விவசாயிகள் கூட்டுறவு பால் பண்ணை தொடங்கிய நாடு அது. பாலுக்குப் பழகிய கூட்டுறவு வெந்நீருக்கும் கைகொடுத்தது.

வைக்கோலுக்கு வந்த மதிப்பு

பொது நிலையம் வந்துவிட்டால் அதில் எதை எரிப்பது என்பது அடுத்த கேள்வி. நிலக்கரியும் வெளிநாட்டுச் சரக்குதான். வயலில் கிடக்கும் வைக்கோல் மீது கண் போனது இப்படித்தான்.

முதலில் 1970-களில் விவசாயிகள் தங்கள் பண்ணை வீட்டுக்கு மட்டும் வைக்கோல் அடுப்பு வைத்தார்கள். முழுக் கட்டையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். புகை மண்டும். வெப்பத்தில் பெரும் பகுதி புகைப்போக்கி வழியே வீணாகும். பிறகு காற்றோட்டத்தைச் சீர் செய்தார்கள். அடுப்பின் அருகே பெரிய வெந்நீர்த் தொட்டி வைத்து, கட்டு முழு வேகத்தில் எரிந்து முடிய விட்டார்கள். வெப்பம் நீரில் சேமிக்கப்பட்டு நாள் முழுதும் பயன்பட்டது. புகையும் குறைந்தது.

1980-களில் ஊர்ப் பொது நிலையங்களிலும் வைக்கோல் எரிக்கத் தொடங்கினார்கள். 1990-களின் பிற்பகுதியில் இப்படிப்பட்ட நிலையங்கள் ஐம்பதுக்கு மேல் இருந்தன. இடையில் வயலில் வைக்கோலுக்குத் தீ வைப்பது தடை செய்யப்பட்டது. 1993-ல் அரசியல் கட்சிகள் கூடி ஓர் உடன்பாடு செய்தன. பெரிய மின் நிலையங்களும் ஆண்டுக்கு 14 லட்சம் டன் தாவர எரிபொருளை எரிக்க வேண்டும், அதில் 12 லட்சம் டன் வைக்கோலாக இருக்க வேண்டும் என்பது அந்த உடன்பாடு. சில ஆண்டுகள் கழித்து வைக்கோலின் அளவைச் சற்றுக் குறைத்து, மரச் சில்லுக்கு இடம் கொடுத்தார்கள்.

இவற்றுடன் வரியும் சேர்ந்தது. 1992-ல் எண்ணெய், நிலக்கரி ஆகியவற்றின் மீது கரியமில வாயு வரி வந்தது. வைக்கோலுக்கு அந்த வரி இல்லை. தடை, கட்டாயக் கொள்முதல், வரி ஆகிய மூன்றும் சேர்ந்துதான் வைக்கோலுக்கு விலை கொடுத்தன. வைக்கோல் தானாக விலை பெறவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வரி இல்லாததற்குக் காரணம் எளியது. எண்ணெயும் நிலக்கரியும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூமிக்குள் புதைந்து கிடந்தவை. அவற்றை எரித்தால் புதிதாகக் கரியமில வாயு மேலே சேர்கிறது. அது பூமியைப் போர்வை போல மூடி வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. வைக்கோலில் உள்ள கரி, பயிர் அந்த ஆண்டில்தான் காற்றிலிருந்து இழுத்தது. எரித்தாலும் மட்கினாலும் பெரும் பகுதி காற்றுக்கே திரும்பும். ஆகவே வைக்கோலைக் கணக்கில் கழித்தார்கள். இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. அது பின்னால் வருகிறது.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு வைக்கோல்?

டென்மார்க்கில் 130 சதுர மீட்டர் உள்ள வீட்டை மாதிரி வீடாகக் கொள்கிறார்கள். அதற்கு ஆண்டுக்குச் சுமார் 18,100 யூனிட் வெப்பம் வேண்டும். நம் மின் மீட்டரில் பார்க்கும் அதே யூனிட்தான்.

காய்ந்த வைக்கோல் ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் வெப்பம் உண்டு. கொதிகலனில் நூற்றுக்கு 15 பங்கும், மண்ணுக்கு அடியில் ஓடும் குழாயில் மீதியில் 20 பங்கும் இழப்பாகும் என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்குப் போய்ச் சேருவது கிலோவுக்கு 2.7 யூனிட். ஆக ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 6.7 டன் வைக்கோல் தேவை. அங்குள்ள பெரிய கட்டு ஒன்று 500 கிலோ எடை. எனவே ஒரு வீட்டுக்கு 13 கட்டு. ஹெக்டேருக்கு மூன்றரை டன் வைக்கோல் எடுக்க முடிந்தால், ஒரு வீட்டைச் சூடேற்ற இரண்டு ஹெக்டேர் வயலின் வைக்கோல் போதும். 300 வீடுள்ள ஊருக்கு 2,000 டன், அதாவது சுமார் 600 ஹெக்டேர்.

அதே வீட்டில் எண்ணெய் எரித்தால் 2,100 லிட்டர் செலவாகும். அதிலிருந்து ஏறத்தாழ 5.7 டன் கரியமில வாயு வெளிவரும். இரண்டரை கிலோ வைக்கோல் ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சமம் என்று எளிதாக நினைவில் வைக்கலாம்.

ஈரமே விலையைத் தீர்மானிக்கிறது

லாரியில் இருபதுக்கு மேற்பட்ட பெரிய கட்டுகள் வரும். நிலையத்தின் கிரேன் கட்டுகளைத் தூக்கும்போதே எடையும் ஈரமும் அளக்கப்படுகின்றன. ஈரம் நூற்றுக்கு 15 அளவில் இருந்தால் நல்ல சரக்கு. 20-க்கு மேல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஈரம் ஏறினால் விலை குறையும். ஆகவே அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் காயவிட்டுக் கட்டி, உடனே கொட்டகைக்குள் அல்லது தார்ப்பாய்க்குக் கீழ் கொண்டுபோவது விவசாயியின் பொறுப்பு. குளிர்காலம் முழுதும் நிலையம் கேட்கும் தேதியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கொட்டகைச் செலவும், தீ விபத்துக்கான காப்பீடும் அவர் தலையில்தான்.

ஒரு வியப்பான செய்தி உண்டு. வயலில் கிடந்து ஒன்றிரண்டு மழை வாங்கி, பிறகு நன்கு காய்ந்த சாம்பல் நிற வைக்கோலை நிலையத்தார் விரும்புகிறார்கள். மாட்டுக்கு மஞ்சள் வைக்கோல் நல்லது. கொதிகலனுக்குச் சாம்பல் நிற வைக்கோல் நல்லது. காரணம், வைக்கோலில் உள்ள சாம்பல் சத்தும் குளோரினும் மழையில் கரைந்து மண்ணுக்கே போய்விடுகின்றன. அவை இருந்தால் எரியும்போது சாம்பல் உருகிக் கட்டியாகும். இரும்புக் குழாயும் அரித்துப்போகும்.

நெல் வைக்கோலில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். கோதுமை வைக்கோலில் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு சாம்பல் மிஞ்சும். நெல் வைக்கோலில் மணல் போன்ற சிலிக்கா மிகுதி. 15 பங்குக்கு மேலும் சாம்பல் மிஞ்சும். ஆகவே அங்குள்ள கொதிகலனை அப்படியே இங்கே கொண்டுவந்து நெல் வைக்கோலைப் போட்டால் சரிவராது.

சாம்பல் வயலுக்குத் திரும்புகிறது

ஒரு டன் கோதுமை வைக்கோலில் சுமார் 5 கிலோ தழைச்சத்தும், 10 கிலோ அளவில் சாம்பல் சத்தும் இருக்கின்றன. வைக்கோலை விற்றால் இவையும் சேர்ந்தே விற்கப்படுகின்றன. எரிக்கும்போது தழைச்சத்து காற்றில் போய்விடும். சாம்பல் சத்தும் மணிச்சத்தும் சாம்பலில் தங்கும். கொதிகலனின் அடியில் விழும் சாம்பலை விவசாயிகள் எடுத்துச் சென்று வயலில் தூவுகிறார்கள்.

புகையோடு பறந்து வடிகட்டியில் சிக்கும் நுண்சாம்பலை மட்டும் அப்படிப் போட முடியாது. அதில் காட்மியம் என்ற நச்சு உலோகம் செறிந்திருக்கும். அளவு பார்த்துத்தான் கையாள வேண்டும் என்று விதி இருக்கிறது.

சாம்ஸோ தீவு காட்டிய வழி

டென்மார்க்கின் நடுவில் கடலால் சூழப்பட்ட சிறிய தீவு சாம்ஸோ. பரப்பு 114 சதுர கிலோமீட்டர். மக்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. முதல் பருவ உருளைக்கிழங்குக்குப் பெயர் பெற்ற ஊர். 1997-ல் அரசு நடத்திய போட்டியில், எரிபொருளை வெளியிலிருந்து வாங்காமல் காற்று, வெயில், வைக்கோலை நம்பி வாழும் மாதிரித் தீவாக இது தேர்ந்தெடுக்கப்பட்டது.

அங்கே பொது வெந்நீர் நிலையங்கள் நான்கு. மூன்று நிலையங்கள் வைக்கோலில் ஓடுகின்றன. நான்காவது மரச் சில்லும் வெயிலும் சேர்ந்தது. அதற்காக 2,500 சதுர மீட்டர் வெயில் தகடுகள் வைத்திருக்கிறார்கள். வைக்கோல் தீவின் வயல்களிலிருந்தே வருகிறது. முன்பு எண்ணெய்க் கப்பலுக்குப் போன பணம் இப்போது வைக்கோல் கொடுக்கும் விவசாயிக்கும், ஓட்டுநருக்கும், நிலையத்தில் வேலை பார்ப்பவருக்கும் போகிறது. மின்சாரத்துக்குக் கரையில் 11 காற்றாலை, கடலில் 10 காற்றாலை. இவற்றில் பலவற்றில் தீவின் விவசாயிகளும் மற்றவர்களும் பங்கு வாங்கியிருக்கிறார்கள்.

ஊர் மக்களைச் சேர்த்தது எளிதாக நடக்கவில்லை. இருக்கும் எண்ணெய் அடுப்பு நன்றாகத்தானே எரிகிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்று பலர் கேட்டார்கள். சமையலறை மேசையிலும் ஊர்ச் சாவடியிலும் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அந்தத் தீவிலேயே விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஸோரன் ஹெர்மான்சன் என்பவர் இந்த வேலையில் முன் நின்றார். நிலையம் கட்டும் முன்பே சேர்ந்தவர்களுக்குப் பெயரளவுக் கட்டணம் என்றும், கட்டிய பின் வந்தால் முழுச் செலவு என்றும் வைத்தது பலரைச் சேர வைத்தது.

வெயிலைக் குட்டையில் தேக்கி வைப்பது

வைக்கோல் மட்டுமே வழி அல்ல. ஏரோ தீவில் உள்ள மார்ஸ்டால் என்ற சிறு நகரில் 33,000 சதுர மீட்டர் பரப்புக்கு வெயில் தகடுகள் உள்ளன. கோடையில் கிடைக்கும் வெந்நீரைக் குளிர்காலத்துக்கு வைத்திருக்க ஒரு பெரிய குட்டை வெட்டினார்கள். நம் பண்ணைக் குட்டைக்குத் தாள் விரிப்பது போலவே பிளாஸ்டிக் தாள் விரித்து, மேலே வெப்பம் போகாத மூடி மிதக்க விட்டிருக்கிறார்கள். கொள்ளளவு 75,000 கன மீட்டர், அதாவது ஏழரைக் கோடி லிட்டர். ஊரின் வெப்பத்தில் பாதி அளவு வெயிலிலிருந்தே கிடைக்கிறது. மீதிக்கு மரச் சில்லும் வெப்பப் பம்பும்.

வெப்பப் பம்ப் என்பது குளிர்சாதனப் பெட்டியின் மறுபக்கம். குளிர்சாதனப் பெட்டி உள்ளே உள்ள சூட்டை எடுத்துப் பின்பக்கம் வெளியேற்றுகிறது. பின்னால் கை வைத்தால் சுடும். அதே வேலையைப் பெரிய அளவில் செய்து, வெளிக் காற்றிலும் கடல் நீரிலும் உள்ள சிறு சூட்டைத் திரட்டி வீட்டுக்குள் அனுப்புவதே வெப்பப் பம்ப். ஒரு யூனிட் மின்சாரம் செலவழித்தால் மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தரும். மாதிரி வீட்டுக்கு 18,100 யூனிட்டுக்குப் பதில் 6,000 யூனிட் மின்சாரம் போதும். எஸ்பியர்க் துறைமுக நகரில் நிலக்கரி நிலையத்தை மூடிவிட்டு, கடல் நீரிலிருந்து வெப்பம் எடுக்கும் பெரிய பம்ப் நிலையத்தை 2024-ல் ஓட்டத் தொடங்கினார்கள். அது சுமார் 25,000 வீடுகளுக்குப் போதும்.

மாட்டுச் சாணமும் பன்றிக் கழிவும் அங்கே வீணாவதில்லை. பல பண்ணைகளின் கழிவை ஒரே இடத்தில் சேர்த்துச் சாண எரிவாயு எடுக்கிறார்கள். சுத்தம் செய்த வாயுவை நாட்டின் பொதுக் குழாயில் விடுகிறார்கள். அக்குழாயில் ஓடும் வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்போது சாண எரிவாயுதான். எரிவாயு எடுத்த கழிவு, பயிர் எளிதில் உறிஞ்சும் எருவாக வயலுக்குத் திரும்புகிறது.

சட்டம் திரும்பினால் சந்தையும் திரும்பும்

விவசாயிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இது.

1988-ல் டென்மார்க் அரசு புதிய வீடுகளில் மின்சாரத்தால் சூடேற்றுவதைத் தடை செய்தது. அன்று மின்சாரம் நிலக்கரியில் இருந்து வந்தது. நிலக்கரியை எரித்து, பாதிக்கு மேல் வீணாக்கி மின்சாரம் எடுத்து, அதை மீண்டும் வெப்பமாக்குவது வீண் செலவு என்பது அரசின் வாதம். இன்று அந்நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றாலையில் இருந்து வருகிறது. எனவே 2021-ல் வீட்டைச் சூடேற்றும் மின்சாரத்தின் மீதான வரியைக் கிட்டத்தட்ட எடுத்தேவிட்டார்கள். அன்று விலக்கியதை இன்று அழைக்கிறார்கள். இரண்டு காலத்திலும் காரணம் சரியானதே. ஆனால் வைக்கோல் விற்கும் விவசாயிக்கு ஒரு புதிய போட்டியாளர் வந்துவிட்டார். பழைய வைக்கோல் கொதிகலன் தேய்ந்துபோனால், அதே இடத்தில் வெப்பப் பம்ப் வைக்கலாமா என்று நிலையத்தார் கணக்குப் பார்க்கிறார்கள்.

2020-ல் வந்த பருவநிலைச் சட்டம், 1990-ல் வெளியான அளவில் நூற்றுக்கு 70 பங்கை 2030-க்குள் குறைக்க வேண்டும் என்கிறது. 2022-ல் ரஷியா உக்ரைன் மீது படையெடுத்ததும் எரிவாயு விலை பல மடங்கு ஏறியது. அப்போது டென்மார்க்கில் சுமார் 4 லட்சம் வீடுகள் எரிவாயுவில் சூடேற்றிக்கொண்டிருந்தன. பொதுக் குழாய் உங்கள் தெருவுக்கு வருமா, வராதா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த ஆண்டு முடிவதற்குள் நகராட்சி எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. வராது என்றால் அந்தக் குடும்பம் தானே வெப்பப் பம்ப் வைத்துக்கொள்ள முடிவு செய்யலாம். 2035-க்குப் பின் வீடுகளை எரிவாயுவால் சூடேற்றக்கூடாது என்பது குறிக்கோள்.

அடுத்து மாட்டுக்கும் வரி வருகிறது. மாடு அசை போடும்போதும் சாணம் மட்கும்போதும் மீத்தேன் வாயு வெளியாகிறது. இதற்கு 2030 முதல் டன்னுக்கு 300 குரோனர், 2035-ல் 750 குரோனர் வரி என்று 2024-ல் அரசும் விவசாயச் சங்கமும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் சேர்ந்து உடன்பாடு கண்டன. நூற்றுக்கு 60 பங்கு தள்ளுபடி உண்டு. ஆகவே கையில் இருந்து போவது முதலில் 120 குரோனர், பிறகு 300 குரோனர். கால்நடைக்கு இப்படி வரி போட முடிவு செய்த முதல் நாடு டென்மார்க். வரியில் வரும் தொகையை விவசாயத்தின் மாற்றத்துக்கே செலவிடுவதாக வாக்களித்திருக்கிறார்கள். வீட்டு அடுப்பில் தொடங்கிய கரியமில வாயு வரி, முப்பது ஆண்டு கழித்துத் தொழுவத்துக்கு வந்திருக்கிறது.

மண் என்ன சொல்கிறது?

வைக்கோலை எரித்தாலும் மட்கினாலும் கரி காற்றுக்கே போகும் என்ற கணக்கில் உள்ள ஓட்டை இதுதான்: வயலில் மட்கும் வைக்கோலில் ஒரு சிறு பகுதி மண்ணில் மக்காகத் தங்கும். அது மண்ணுக்கு ஈரம் பிடிக்கும் சக்தி தரும். ஆண்டுதோறும் வைக்கோல் முழுவதையும் அள்ளினால் மண்ணின் கரிமச் சத்து மெல்ல மெல்லக் குறையும். மணற்பாங்கான நிலத்தில் இது சீக்கிரம் தெரியும். தொழு உரம் நிறைய விழும் பண்ணையில் அவ்வளவு தெரியாது.

ஆகவே அங்குள்ள வேளாண் ஆலோசகர்கள், எல்லா வயலிலும் எல்லா ஆண்டும் வைக்கோல் எடுக்க வேண்டாம் என்கிறார்கள். சில ஆண்டு எடுத்தால் சில ஆண்டு மடக்கி உழவேண்டும். இரண்டு பயிருக்கு இடையே முள்ளங்கி, கடுகு போன்ற இடைக்காலப் பயிர் விதைத்து மண்ணை மூட வேண்டும். நாட்டில் ஆண்டுக்குக் கிடைக்கும் 50 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட வைக்கோலில் ஒரு பகுதி மட்டுமே கொதிகலனுக்குப் போகிறது. மீதி தீவனம், மாட்டுப் படுக்கை, மண் என்று பிரிகிறது.

2018 கோடையில் அங்கே கடும் வறட்சி. பயிர் குட்டையாக நின்றது. வைக்கோல் குறைந்தது. மேய்ச்சலும் காய்ந்ததால் மாடு வைத்திருப்பவர்களும் வைக்கோலைத் தேடினார்கள். விலை ஏறியது. நிலையத்துக்குக் குறிப்பிட்ட அளவு தருவதாக ஒப்பந்தம் செய்தவர்கள் திண்டாடினார்கள். மாடா, கொதிகலனா என்ற கேள்வி வந்தால் வைக்கோல் எங்கே போக வேண்டும் என்பதை ஒப்பந்தம் போடும் நாளிலேயே யோசிக்க வேண்டும் என்பதை அந்த ஆண்டு உணர்த்தியது.

நம் விவசாயிக்கு உள்ள தொடர்பு

டென்மார்க்கில் சராசரிப் பண்ணையே 70 ஹெக்டேருக்கு மேல். தமிழ்நாட்டில் 2015-16 கணக்கெடுப்பின்படி சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். வீட்டைச் சூடேற்றும் தேவையும் இங்கே இல்லை. ஆனால் வைக்கோலையும் மற்றப் பயிர்க் கழிவையும் எரிபொருளாக வாங்க வருவோர் இங்கேயும் இருக்கிறார்கள். நிலக்கரி அனல் மின் நிலையங்களில் பயிர்க் கழிவு உருண்டைகளைச் சேர்த்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2021-ல் கொள்கை வகுத்தது. அப்படி யாராவது வைக்கோல் கேட்டு வந்தால், டென்மார்க் அனுபவத்தை வைத்துச் சில விவரங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது.

1. விலை எடைக்கா, கட்டுக்கா? ஈரத்துக்குக் கழிவு எவ்வளவு? ஈரத்தை யார் அளப்பது, விவசாயி பார்க்க அளப்பார்களா?

2. கட்டும் கூலி, ஏற்றுக் கூலி, வண்டி வாடகை யார் பொறுப்பு? இவற்றைக் கழித்த பிறகு கையில் நிற்பது என்ன?

3. வைக்கோலோடு போகும் சாம்பல் சத்தை உரமாக வாங்கினால் என்ன விலை? அந்தத் தொகையை வைக்கோல் விலையில் கழித்துப் பார்க்க வேண்டும். சாம்பல் திரும்பக் கிடைக்குமா?

4. வறட்சி ஆண்டில் அளவு குறைந்தால் தண்டம் உண்டா? மாட்டுக்கு வேண்டிய வைக்கோலை முதலில் நிறுத்திக்கொள்ள இடம் உண்டா?

5. ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? அரசு கொள்கை மாறினால் வாங்குபவர் கைவிட முடியுமா? கொட்டகை கட்டவோ இயந்திரம் வாங்கவோ கடன் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

6. தனியாக விற்பதைவிட ஊரில் பத்துப் பேர் சேர்ந்து விற்க முடியுமா? எடை மேடையும் ஈரமானியும் பொதுவில் இருந்தால் ஏமாற வழி குறையும்.

டென்மார்க்கில் வைக்கோல் கொடுத்தவர்கள் பலர், அந்த வைக்கோலில் சூடான வெந்நீரைத் தங்கள் வீட்டிலும் வாங்கினார்கள். நிலையத்தின் கணக்கு ஆண்டுக் கூட்டத்தில் அவர்கள் முன் வைக்கப்பட்டது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஊரில், ஒரே கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததால் விலையில் பெரிய சண்டை வரவில்லை. வாங்குபவர் தொலைவில் உள்ள பெரிய மின் நிலையமாக இருந்தபோது பேரம் கடினமாக இருந்தது. வைக்கோல் ஒன்றுதான். யார் வாங்குகிறார், எந்த நிபந்தனையில் வாங்குகிறார் என்பதைப் பொறுத்தே அது விவசாயிக்கு வருமானமாகவோ வீண் உழைப்பாகவோ ஆகிறது.